‘எப்போதும்’ என்று சொன்ன தெரு

இரக்கத்தை அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது என் வீட்டுக்காரர் நன்றாக இருந்தார். நன்றாக என்றால், படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு நன்றாக. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் அவர். வெளியூர்க்காரர்கள் டேனரி என்பதை நாங்கள் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். பதனிட்ட தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற ஸ்பிரே செக்‌ஷன் அவருக்கு. வருஷக்கணக்காக அந்தக் காற்றைக் குடித்த நுரையீரல் எப்படி ஆகும் என்று இப்போது எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் வேலை இதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பல தேசங்களில் ஒரே கேள்விகளை அந்தந்த மொழியில் கேட்டு, எந்த ஊர் மனிதர்கள் அடுத்தவர் கஷ்டத்துக்கு எவ்வளவு இளகுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. தமிழுக்கு எங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் ஏற்கெனவே சர்வே வேலைக்குப் போய்ப் பழகியவள். கொசு, கழிப்பறை, சர்க்கரை வியாதி என்று எல்லாவற்றைப் பற்றியும் வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். இரக்கத்தைப் பற்றிக் கேட்கப் போனது அதுதான் முதல் தடவை.

வேலூரில் ஒரு ஓட்டல் ஹாலில் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நாள் முழுவதும் வார்த்தைக்கே சண்டை. கருணை என்றால் சாமிக்கு இருப்பது என்றார் ஒருவர். இரக்கம் என்றால் சர்ச்சில் கேட்பது போல இருக்கிறது என்றார் இன்னொருவர். ஒரு கல்லூரி ஆசிரியை பரிவு என்றார். எல்லோரும் அவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டோம். கடைசியில் ‘அடுத்தவங்க கஷ்டத்தப் பார்த்து மனசு இளகுறது’ என்று நீட்டி முழக்கி எழுதிக்கொண்டோம். இரண்டாம் நாள் பயிற்சியில் ஒரே பாடம். யார் என்ன பதில் சொன்னாலும் நம் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. சிரிக்கக்கூடாது, தலையாட்டக்கூடாது, ‘அப்படியா’ என்று கேட்கக்கூடாது. நாங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்துப் பழகினோம். பிற்பாடு அந்தப் பயிற்சி எனக்கு வேறு விதத்தில் உதவியது.

கேள்விகள் டேப்லெட்டில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே வட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். எங்கள் ஊர்க்காரர்கள் நடுவில் இருக்கிற வட்டங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கஷ்டப்படுறவங்களப் பார்த்தா மனசு இளகுமா?” என்று கேட்டால், “இன்னாம்மா இப்படிக் கேக்குற, மனுஷன்னா இளகாதா?” என்பார்கள். எப்போதும். “உங்களால முடிஞ்ச உதவியைச் செய்வீங்களா?” எப்போதும். கேட்டு முடிப்பதற்குள் டீ வந்துவிடும். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் வரும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்து இறங்கி வந்த களைப்பிலும் அந்தப் பெண்கள் எனக்கு ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். கேட்டைத் திறக்காமலே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. “யாராவது அழுதா ஆறுதல் சொல்வீங்களா சார்?” என்று கேள்வியில் இருந்தபடியே கேட்டேன். “கதவ சாத்திக்குவேன்” என்றார். நான் பயிற்சியில் சொன்னபடி முகத்தை வைத்துக்கொண்டு வட்டத்தைத் தொட்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அவரைப் பற்றிச் சொல்லி இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை.

அந்த இருமலோடுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பலமுறை போய்வந்த பிறகு, ஒரு டாக்டரம்மா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசு. “இனிமே மருந்தால பெருசா எதுவும் மாறாதும்மா. வீட்ல வெச்சி நல்லா பாத்துக்குங்க. ஆக்ஸிஜன் மெஷின் போட்டுக்கலாம். படி மட்டும் ஏறவே கூடாது. கீழ் வீடா ஒண்ணு பாத்துக்குங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாங்கள் இருந்தது மாடியில். அன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஓடிவந்து அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியோடு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடக் காசு வாங்கவில்லை. “எப்ப வேணும்னாலும் கூப்புடுக்கா” என்றார்கள். கூப்பிட்டபோதெல்லாம் வரவும் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அந்த ஆட்டத்தில் அவருக்கு மூச்சு முட்டி உதடு கருத்துப்போகும். பாத்ரூம் வேறு கீழே வெளிப்பக்கம் இருந்தது. எப்படியாவது ஒரு கீழ் வீடு பிடித்து, அவருடைய மிச்ச நாளை அதில் நிம்மதியாகக் கழிக்க வைத்துவிட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

ஆக்ஸிஜன் மெஷின் வந்து இறங்கிய மறுநாள் ஹவுஸ் ஓனர் அக்கா மேலே வந்தாள். அவள் குடும்பம் கீழே இருந்தது. நல்லவள். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஆறாமல் இருக்க டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவாள். அன்றும் கொண்டுவந்தாள். அவருக்கு ஊட்டிவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“தப்பா எடுத்துக்காத தங்கச்சி. தையில பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கோம், உனக்கே தெரியும். அடைப்பு நட்சத்திரத்துல எதாவது ஆய்ட்டா இன்னா பண்றது? வூட்டப் பூட்டணும்பாங்க. சொல்லவே வாய் வர்ல எனக்கு.”

அடைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். சில நட்சத்திரங்களில் ஓர் உயிர் போனால், அது போன வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். அதற்குள் அங்கே நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. மீறினால் இன்னும் ஓர் உயிரைக் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். அக்கா பேசிவிட்டு அழுதாள். நான்தான் அவளைத் தேற்றினேன். அவள் பெண்ணுக்கு இரண்டு வரன் தட்டிப்போய் இது அமைந்திருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நிறுத்திக்கொண்டேன். 

உள்ளே வந்ததும் அவர் கேட்டார். “இன்னாமே, காலி பண்ணணுமா?”

“உங்களுக்குப் படி ஏற முடியலன்னு கீழ் வூடு பாக்கச் சொல்றாங்க.”

“நான் செத்துப்போற நட்சத்திரம் இன்னான்னு கேட்டாளா?” என்று சிரித்தார். அந்த மனிதருக்கு மூச்சு எவ்வளவு கம்மியாக இருந்தாலும் நக்கலுக்கு மட்டும் எப்படியோ மிச்சம் இருந்தது.

எந்த வீட்டில் கீழே போர்ஷன் காலி, எங்கே டூ-லெட் போர்டு தொங்குகிறது என்று எனக்கு அத்துப்படி. சர்வேக்காகச் சுற்றிய தெருக்கள்தானே. யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனதில் இருப்பதை அழிக்க முடியுமா? ‘எப்போதும்’ என்று சொன்னவர்களின் வாசல்களாகப் பார்த்துப் போனேன்.

முதலில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீடு. வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதே தழுதழுத்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபம் செய்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போர்ஷன் தர்றீங்களா டீச்சர்?” என்றேன். பெங்களூரில் இருந்து மகன் எந்த நேரத்திலும் குடும்பத்தோடு வந்துவிடலாம் என்றார். “சின்னப் புள்ளைங்க இருக்கிற இடம்மா. அதுங்க பயந்துக்கும்” என்றார். பிறகு தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லி என் வீட்டுக்காரர் பேரை எழுதி வாங்கிக்கொண்டார். அதைச் சொன்னபடியே செய்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அடுத்தது தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீடு. நான் பேசப் பேச அவர் ‘அல்லா’ என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் அம்மா உள்ளேயிருந்து பேரீச்சம்பழமும், மக்காவில் இருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார். “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எப்ப வேணும்னாலும் நம்ம வண்டிய எடுத்துக்குங்கம்மா. டிரைவர் நம்பர் எழுதிக்கோங்க” என்றார் பாய். வீடு மட்டும் அண்ணன் தம்பிகள் நாலு பேர் பேரிலும் இருக்கிறது, ஒருவர் ஒத்துக்கொண்டால் இன்னொருவர் பேஜார் பண்ணுவார், மெஷின் ஓடினால் கரண்ட் லோடு ஜாஸ்தி ஆகும், பழைய வயரிங் என்றார். அந்த வண்டியில் நாங்கள் பலமுறை ஆஸ்பத்திரி போனோம். ஏ.சி.யைக் குறைத்து வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார் டிரைவர்.

மூன்றாவது வீட்டில் எல்லாம் பேசி முடித்து, சாவிகூட எடுத்துவிட்டார்கள். அந்தம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, “வூட்டுக்காரரு எங்க வேல பார்த்தாரு?” என்றாள். தோல் ஷாப் என்றேன். “உங்களுக்குச் சொந்த ஊரு எது, எந்தத் தெரு?” என்றாள். சொன்னேன். ஊரைச் சொல்லி, தெருவைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் சொன்னது போலத்தான். சாவி அவள் கையிலேயே இருந்தது. வீட்டில் கலந்து பேசிவிட்டு போன் பண்ணுவதாகச் சொன்னாள். போன் வரவில்லை. ஆனால் பக்கத்துக் கோயிலில் என் வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை செய்து, விபூதி குங்குமத்தை யார் மூலமாகவோ அனுப்பி வைத்தாள்.

இப்படியே எல்லா இடத்திலும். இளநீர் கொடுத்தவர் உண்டு. நாட்டு மருந்து சொன்னவர் உண்டு. என்னோடு கூடவே நாலு தெரு நடந்து வேறு வீடு காட்டியவரும் உண்டு, அவர் வீட்டுக் கீழ் போர்ஷன் காலியாக இருக்கும்போதே. யாராவது என்னை விரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது? தினமும் சாயங்காலம் பை நிறைய எதையாவது தூக்கிக்கொண்டு, அதே மாடிப்படி ஏறி வந்தேன். அவர் பையைப் பார்த்துவிட்டு, “வூடு கெடைக்கல போல, பழம் ஜாஸ்தியா இருக்குதே” என்பார்.

கடைசியில் அந்த ரயில்வேக்காரர் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால், நான் ஒரு கணக்குப் போட்டுத்தான் போனேன். வாயால் கடுகடுவென்று பேசுகிறவர்களுக்கு உள்ளே ஈரம் இருக்கும், எல்லாக் கதையிலும் அப்படித்தானே வருகிறது. வீடு முழுக்கக் கீழேயே, பாதி பூட்டிக் கிடந்தது. சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“முடியாது” என்றார்.

நான் நகராமல் நின்றேன்.

“அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனேம்மா. நீதான எழுதிக்கின?”

கதவைச் சாத்திக்கொண்டார். டீயும் இல்லை, கண்ணீரும் இல்லை. அந்தத் தெருவில் அன்றுதான் நான் வெறுங்கையோடு திரும்பினேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சர்வேயில் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு கிடைத்தது வீடு அல்ல, கடை. குடியாத்தத்து லுங்கி வியாபாரி ஒருவர் ஹைவே பக்கத்து சர்வீஸ் ரோட்டில் ஸ்டாக் வைத்திருந்த ஷட்டர் போட்ட கடை. “கடைக்குன்னுதான் தருவேன். உள்ள இன்னா வெக்கிறீங்க, எதுவும் எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன்” என்றார். அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடையில் உயிர் போனால் வாடகைக்கு வருகிறவர்கள் நட்சத்திரம் கேட்பதில்லை போலும். ஆட்டோக்காரர்கள் கட்டிலையும் மெஷினையும் அவரையும் இறக்கி வைத்தார்கள். ஹவுஸ் ஓனர் அக்கா தன் கையாலேயே எங்கள் பாத்திரங்களை மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

ஜன்னல் கிடையாது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தால்தான் காற்று. முழுக்கத் தூக்கினால் ரோட்டில் போகிறவர்களெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அதனால் இடுப்பு உயரத்துக்குத்தான் தூக்கி வைத்திருந்தேன். கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்ததெல்லாம் கால்களும் டயர்களும்தான். சாமான் வாங்க வந்த பெண்கள் சிலர் குனிந்து, “இன்னா கடைங்க இது?” என்று கேட்பார்கள். அவர் மூக்கில் குழாயோடு, “இன்னும் சரக்கு வர்லம்மா” என்பார். அவர்கள் பார்த்துவிட்டு, ‘அய்யோ’ என்று வாயில் கை வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற ஆரஞ்சு, வாழைப்பழம், எதையாவது உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “முழுசா தூக்குமே” என்றார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை. ஈரக் கையோடேயே ஷட்டரைத் தூக்கினேன். பாதியிலேயே பல நாள் நின்றது இறுகிப்போய் வரவில்லை. வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள், லாரிக்காரர் ஒருவர், ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள், எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவருக்கும் நான் எதையும் விளக்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினார்கள். வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். டீச்சர் வந்தார். பாய் சாமியானா போட ஆள் அனுப்பி, தானே நின்று நாற்காலி போட்டார். அடுப்பு மூட்டாத வீடு என்று வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு அவர் வீட்டில் இருந்துதான் வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்த அந்தம்மா, பெரிய மாலையோடு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருந்தவருக்கு ஒரு அறை கிடைக்காத ஊரில், பிணத்துக்கு சர்வீஸ் ரோட்டையே அடைத்துக் கொடுத்தார்கள். ஹவுஸ் ஓனர் அக்காதான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். உயிர் போன நேரத்தை என்னிடம் கேட்டு, யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல நட்சத்திரம்தான்டி தங்கச்சி. அடைப்பே இல்லையாம். நம்ம வூட்லயே இருந்திருக்கலாமே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

காரியம் முடிந்ததும் அவளே ஆட்டோ கொண்டுவந்தாள். மாடியை வேறு யாருக்கும் விடவில்லையாம், எனக்காகவே காலியாக வைத்திருந்தாளாம். “நீ தனியா ரோட்டுல கெடக்கலாமா? வா” என்றாள். எதற்காகக் காத்திருந்து காலியாக வைத்திருந்தாள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. எனக்குப் போக வேறு இடம் இல்லை. அதே படிகளில் ஏறினேன். தையில் அவள் பெண்ணின் கல்யாணம் நன்றாக நடந்தது.

அதற்கப்புறம் சர்வேயின் இரண்டாவது சுற்று வந்தது. முதல் சுற்றில் எங்கள் பகுதிக்கு நல்ல மதிப்பெண் என்று வேலூர் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இந்தத் தடவை எனக்கு வந்த வரிசையில் எங்கள் தெருவே இருந்தது. கீழே இறங்கிப் போய் அக்கா எதிரில் டேப்லெட்டோடு உட்கார்ந்தேன். புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள். அதை எழுதியிருந்தபடியே படித்தேன்.

“உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பெரிய கஷ்டத்துல இருந்தப்ப, நீங்க கூட இருந்து உதவி செஞ்சிருக்கீங்களா?”

 அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வேற யார சொல்றது, உன்னதான் சொல்லணும்” என்றாள். “எப்பவும்னு போட்டுக்க.”

என் முகத்தில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டு, ‘எப்போதும்’ என்ற வட்டத்தைத் தொட்டேன்.